சாமி கண்ணைக் குத்தும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு எழுந்தேன், வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு. காக்கிச் சட்டை போட்ட ஒருவர். என் ஆதார் எண்ணில் போதைப்பொருள் பார்சல் போயிருக்கிறதாம். நான் "டிஜிட்டல் அரெஸ்ட்"டில் இருக்கிறேனாம். அழைப்பைத் துண்டிக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது, மகனிடம் சொன்னால் அவனையும் கைது செய்வார்களாம். 34 வருடம் வகுப்பில் அதட்டிப் பேசிய டீச்சர் நான். வாயே வரவில்லை. தினமும் கந்த சஷ்டி கவசம் சொல்கிறவளுக்கு அன்றைக்கு ஒரு வரிகூட நினைவில் இல்லை.

மூன்று மணி நேரம் அப்படியே போனது. வைப்புத்தொகையை எடுக்க வங்கிக்கும் போய்விட்டேன், அழைப்பு கைப்பைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கவுண்டரில் இருந்த பெண், "ஏம்மா கை இப்படி நடுங்குது?" என்று கேட்டாள். அவ்வளவுதான், அழுதுவிட்டேன். பையைத் திறந்து காட்டினேன். அவளே அழைப்பைத் துண்டித்தாள். பணம் தப்பியது.

"முருகன்தான் அந்தப் பொண்ணா வந்தான்" என்கிறாள் என் அக்கா. நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் அவள் கேட்கும்வரை நான் ஏன் வாயைத் திறக்கவில்லை?

அப்பர் கதையை உங்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! நீற்றறை, நஞ்சு கலந்த சோறு, யானை, கடைசியில் கல்லோடு கட்டிக் கடலில் போட்டது, திருப்பாதிரிப்புலியூரில் கரையேறியது. கல் மிதந்த இடம் வந்தால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். நானும் அதைத்தான் பெரிதாகச் சொன்னேன். இப்போது எனக்குப் பெரிதாகத் தெரிவது அதற்கு முந்தைய இடம். பல்லவ மன்னனின் ஆட்கள் வந்து கூப்பிடுகிறார்கள். தான் யாருக்கும் அடிமையில்லை என்று அவர் பாடிவிடுகிறார். அப்போது கல்லும் இல்லை, கடலும் இல்லை, எந்த அற்புதமும் நடந்திருக்கவில்லை. பெரியபுராணத்தில் சேக்கிழார் இந்த வரிசையில்தான் சொல்கிறார். எனக்கும் அன்றைக்கு வந்தது ஓர் அழைப்புதான்.

என் மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நாம் பிள்ளைகளுக்குச் சாமியைப் போலீஸ்காரராகத்தான் அறிமுகம் செய்கிறோம். "சாமி கண்ணைக் குத்தும்" என்று நானே எத்தனை பேரை மிரட்டியிருக்கிறேன்! அப்படி வளர்ந்த மனசு, காக்கிச் சட்டையைப் பார்த்ததும் தெய்வமும் அந்தப் பக்கம் நிற்பதாக நினைத்துக்கொள்கிறது. தப்பே செய்யாமல் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். கும்பிடுகிறவன் நம் பக்கம் இருக்கிறான் என்ற நினைப்பு இருந்திருந்தால் பக்கத்து வீட்டுக் கதவையாவது தட்டியிருப்பேன். "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று வாய்மூடி இருப்பதை இனிமேல் பக்தி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

விவரத்தையும் சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் அரெஸ்ட் என்று நம் சட்டத்தில் எதுவும் கிடையாது. வீடியோவில் யாரும் யாரையும் கைது செய்ய முடியாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

மகனிடம் அன்று இரவுதான் சொன்னேன். "என்கிட்ட ஏம்மா சொல்லல?" என்று மட்டும் கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை. உங்களில் யாராவது இப்படி மாட்டி, வெட்கப்பட்டு மறைத்து வைத்திருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். டீச்சர் திட்ட மாட்டேன்.