எல்லா விறைப்பும் சீனி இல்லை, வாதமும் இல்லை

கொஞ்சம் நீண்ட பதிவு. சிலருக்குக் கோபம் வரலாம். எங்களையும் சேர்த்துத்தான் எழுதுகிறோம்.

ஊரில் ஒருவருக்குக் கால் விறைத்தால் என்ன நடக்கிறது? "சீனியா இருக்கும்" என்பார் ஒருவர். "வாதம், எண்ணெய் போட்டு உருவுங்க" என்பார் அடுத்தவர். "கண்ணூறு, தண்ணி ஓதிக் குடிங்க" என்பார் மூன்றாமவர். எங்கள் ஆசிரியர் அறையிலும் இதே கதைதான். செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரியாமல் நடந்த ஓர் உம்மாவுக்கு, படித்த நாங்களும்தான் வைத்தியம் சொன்னோம். வைத்தியசாலைக்குப் போகும்போது ஐந்து வாரம் கடந்திருந்தது. பாதம் தொங்கிவிட்டது. அடுத்த பக்கத்துக் கையும் சோர்ந்துவிட்டது.

அது இரத்தக்குழாய் அழற்சியால் வந்த நரம்புப் பாதிப்பு. நரம்புக்கும் இரத்தம் வேண்டும். அதைக் கொண்டுபோகும் மிக நுண்ணிய குழாய்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்கினால், வழி அடைபட்டு நரம்பு பட்டினியில் சாகிறது.

சீனியால் வரும் விறைப்பு பெரும்பாலும் இரண்டு பாதத்திலும் ஒன்றுபோல, வருடக்கணக்கில் மெல்ல ஏறும். இது பெரும்பாலும் நாட்களில், வாரங்களில் வரும். ஒரு காலில் தொடங்கி வேறொரு கையையோ காலையோ பிடிக்கும். எரிவும் கடும் வலியும் இருக்கும். சிலருக்குக் காய்ச்சல், உடல் மெலிவு, தோலில் ஊதாப் புள்ளிகளும் வரும்.

இப்படி என்றால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஓதுவதை யார் தடுத்தார்கள்? போகும் வழியிலேயே ஓதுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நமது மார்க்கம். துஆவைச் சாட்டாக்கி மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த அநியாயம் மருந்து தொடங்கிய பிறகு நடக்கிறது. "ஸ்டீரொயிட் விஷம், நிப்பாட்டுங்க" என்று வட்ஸ்அப்பில் குரல்பதிவு வருகிறது. முகம் ஊதும், சீனி ஏறும், உண்மைதான். அதைக் கிளினிக்கில் கவனிப்பார்கள். ஆனால் வாரக்கணக்கில் குடித்த பிரெட்னிசலோனைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. குளிசையைக் கூட்டுவதும் குறைப்பதும் வைத்தியரின் வேலை.

கடைசியாக ஒரு கணக்கு. நரம்பிழை மீண்டும் வளர்ந்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர். முழங்காலிலிருந்து பாதம் 40 சென்ரிமீற்றர் என்றால் 400 நாள். அப்போதும் முழுதாகத் திரும்பும் என்ற உத்தரவாதம் இல்லை. எங்கள் வாய் வைத்தியத்துக்கு அந்த உம்மா கொடுக்கும் விலை இது.

இனி யாராவது "கால் விறைக்குது" என்றால், "எப்ப தொடங்கின? ஒரு காலா, ரெண்டுமா? பாதத்தைத் தூக்க முடியுமா?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு வைத்தியம் சொல்லாமல் ஓட்டோவைக் கூப்பிடுங்கள்.