எஃகும் கரியும்

ஜாம்ஷெட்பூரில் 1912-ல் முதல் எஃகு வார்க்கப்பட்டபோது தேசம் பெருமிதங் கொண்டது. அதே டாட்டா கம்பெனி, 2045-க்குள் தனது கரியமிலவாயு வெளியீட்டை நிகரப் பூஜ்யமாக்குவதாக உறுதி கூறியிருக்கிறது. இதை மனப்பூர்வமாக வரவேற்கிறோம்.

ஆனால், காரியம் எளிதன்று. ஊதுலையில் நிலக்கரி வெறும் எரிபொருளன்று. தாதுவிலுள்ள பிராணவாயுவைப் பிரிப்பதும் அதுவே. அவ்விரண்டும் கூடியே கரியமிலவாயு உண்டாகிறது. ஹைட்ரஜனைக் கொண்டு பிரித்தாலோ நீராவியே மிஞ்சும். 2023 ஏப்ரலில் ஜாம்ஷெட்பூர் உலையொன்றில் ஹைட்ரஜனைச் செலுத்திப் பரீட்சை நடத்தினர். எனினும் பரீட்சை வேறு. அன்றாட உற்பத்தி வேறு.

பிரிட்டனில் இக்கம்பெனி போர்ட் டால்பட் ஊதுலைகளை 2024-ல் அணைத்தது. பதிலாக அமையும் மின்சார உலைக்கு அந்நாட்டு ஸர்க்கார் 50 கோடி பவுன் அளிக்க ஒப்பியது. ஆயினும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வேலைகள் போயின.

அக்கதி இங்கே நேரலாகாது. நம் ஸர்க்காரும் பொருளுதவி செய்யத்தான் வேண்டும். ஆனால் உலையை மாற்றுமுன் தொழிலாளருக்குப் புதுத் தொழில் கற்பித்து, அவர்கள் ஜீவனத்துக்கு உத்தரவாதம் அளிப்பதை அவ்வுதவிக்கு நிபந்தனையாக்க வேண்டும். புகை தணிவது அவசியம். அதற்காகத் தொழிலாளியின் அடுப்பு அணையலாகாது.