கட்டுமரத்துக்குக் கரை வேண்டும்

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களைக் கரையோரக் கிராமங்களுக்கு அனுபவப் பகிர்வுக்காக அழைத்துச் செல்வது நல்ல வழக்கம். ஆனால் போகிறவர்களில் பலர் கட்டுமரத்தைப் பழைய காலத்துப் பொருளாகப் பார்த்துவிட்டு, கறிக்கு மீனும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். காணியை இழந்து நிற்கும் குடும்பங்கள் அந்த மரத்தில் கவனிக்க வேண்டியது வேறொன்று.

கட்டுமரத்தில் ஆணி கிடையாது. மலைவேம்பு போன்ற பாரம் குறைந்த மரங்களைச் செதுக்கி, பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் வரிந்து கட்டுகிறார்கள். அலை மேலே அடித்தாலும் தண்ணீர் இடுக்குகளால் வடிந்துவிடும். துறைமுகம் இல்லாத மணற்கரையிலிருந்தும் இதை இறக்கலாம். துடுப்பும் பாயும் இருந்தால் ஒரு சொட்டு எண்ணெயும் தேவையில்லை. ஆங்கிலேயர் இந்தப் பெயரையே 'கட்டமரான்' என்று தம் மொழிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் இதற்கு ஒரு குணம் உண்டு. கடலில் ஊற ஊற மரம் பாரமாகும். ஆகவே தொழில் முடிந்ததும் கரையேற்ற வேண்டும், கட்டவிழ்த்து வெயிலில் காயவிட வேண்டும். வலையை விரிக்கவும், மீனைப் பிரிக்கவும், கருவாடு போடவும் அதே மணல்தான் வேண்டும். கட்டுமரத்தின் பாதி கடலில் என்றால் மறுபாதி கரையில். கரையைப் பறித்துவிட்டு மரத்தை மட்டும் கொடுத்தால் அது வெறும் விறகு.

இந்த உண்மை எம் நாட்டில் எத்தனை தடவை மறக்கப்பட்டது! 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை அடித்தபின், 2005இல் கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருக்குள்ளும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும் வீடு கட்டத் தடை வந்தது. பிறகுதான் அது தளர்த்தப்பட்டது. அதே காலத்தில் உதவி நிறுவனங்கள் பைபர் வள்ளங்களை அள்ளிக் கொடுத்தன. சில இடங்களில் இழந்ததைவிடக் கூடுதலாகவே வள்ளங்கள் வந்து சேர்ந்தன. வள்ளம் தந்தவர்கள், அதை எங்கே இழுத்து வைப்பாய் என்று கேட்டார்களா?

போரினால் பெயர்ந்தவர்களின் கதையும் இதுவே. 1990இல் வெளியேறிய மயிலிட்டி மக்களுக்கு அவர்களது துறைமுகம் 2017 யூலையில்தான், 27 ஆண்டுகளின் பின், திரும்பக் கிடைத்தது. 1992இல் வெளியேறிய இரணைதீவு மக்கள் முழங்காவில் பக்கத்தில் இரணைமாதாநகரில் குடியிருந்தார்கள். அவர்களுக்கு இருக்க இடம் இருந்தது. ஆனால் அது அவர்களுடைய கரை அல்ல. ஏறத்தாழ ஒரு வருடம் தொடர்ந்து போராடியபின், 2018 ஏப்பிரல் 23இல் தாங்களே படகேறிப்போய்த் தீவில் இறங்கினார்கள்.

விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மண்வெட்டியும் விதைநெல்லும் நிவாரணமாகக் கிடைக்கலாம். வயல் இன்னொருவர் கையில் இருந்தால் அவற்றால் என்ன பயன்? வயல் கிடைத்தாலும், குளமும் வாய்க்காலும் மேய்ச்சல் தரையும் வேலிக்கு அப்பால் இருந்தால் அது மீள்குடியேற்றம் ஆகுமா? கூரைத்தகடுகளை எண்ணி மீள்குடியேற்றத்தை அளக்கும் பழக்கம் மாற வேண்டும். தொழில் செய்யும் இடமும், அங்கே போய்வரும் பாதையும், அதன்மேல் உரிமையும் கிடைத்ததா என்பதே சரியான அளவுகோல்.

இப்படிச் சொல்வதால் மீனவர் என்றும் கட்டுமரத்திலேயே இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. அதில் இடுப்பளவு நனைந்தபடி துடுப்பு வலிப்பவனின் பாடு அவனுக்குத்தான் தெரியும். அவன் மகன் இயந்திரப் படகை விரும்பினால் அது குற்றமல்ல. ஆனால் பழையதை முற்றாகக் கைவிடுவதற்கும் ஒரு விலை உண்டு. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியபோது, கடலில் படகு இயந்திரமும் தோட்டத்தில் நீர்ப்பம்பியும் சேர்ந்தே திண்டாடின. எதை வைத்திருப்பது, எதை விடுவது என்ற தீர்மானம் தொழில் செய்பவர் கையில் இருக்க வேண்டும். கொடுக்கும் நிறுவனத்தின் பட்டியலில் அல்ல.

ஆகவே அடுத்த முறை கரைக்குப் போகிறவர்கள் சில கேள்விகளோடு போகட்டும். இந்த மணல் யாருடையது? இதற்கு எழுத்தில் என்ன ஆதாரம் உண்டு? கரையைக் கேட்டு நீங்கள் யாரிடம் போனீர்கள், எப்படி ஒன்றுசேர்ந்தீர்கள்? மீனவர்களும் எமது வயலைப் பற்றி அதையே கேட்கட்டும். கமக்காரர் அமைப்பும் கடற்றொழிலாளர் சங்கமும் தனித்தனியாக மனுக் கொடுத்து ஓய்ந்தது போதும். காணியும் கரையும் ஒரே கோரிக்கையாக ஒரே மேசையில் வைக்கப்பட வேண்டும். தனி மரம் அலையில் உருளும். பக்கத்து மரத்தோடு சேர்த்துக் கட்டினால்தான் அது ஆளைத் தாங்கும்.