எந்த எழுத்தில் எழுதுவது?

திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. சாலைக் கடைவீதியில் வணிகம் செய்வோர், தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் பணியாற்றுவோர், கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் கணினிப் பணி செய்வோர் எனப் பல திறத்தினர் அவர்களுள் உள்ளனர். அவர்தம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் பயில்கின்றனர். தெருவில் மலையாளம் பேசுகின்றனர். வீட்டில் தமிழ் பேசுகின்றனர். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியோடு அவர்களை இணைப்பது கைப்பேசி. அதில் பேசும்போது தமிழ் தமிழாகவே ஒலிக்கிறது. எழுதும்போதோ, அத்தமிழ் பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்குள் புகுந்துகொள்கிறது. இப்பழக்கம் ஏற்கத்தக்கதா?

“கருத்துப் போய்ச் சேர்ந்தால் போதாதா?” என்று வினவுவோர் உளர். அவர்கள் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. தமிழ் எழுத்தை இன்னும் கற்காத பிள்ளை, எதுவும் எழுதாதிருப்பதைவிட அறிந்த எழுத்தில் எழுதுவது மேல். ஆயினும், கருத்துப் பழுதின்றிப் போய்ச் சேர்கிறதா என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வி, ஏ, எல், ஐ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளைச் சான்றாகக் கொள்ளலாம். அவற்றை வலி என்றும் படிக்கலாம். வழி என்றும் படிக்கலாம். வளி என்றும் படிக்கலாம். மருத்துவமனையில் தாத்தாவுக்குத் துணையாக இருக்கும் பேரன், “வலி தெரியவில்லை” என்பதை ஆங்கில எழுத்தில் பாட்டிக்கு அனுப்புகிறான் எனக் கொள்க. அதனை “வழி தெரியவில்லை” எனப் படித்தால் பாட்டியின் மனம் என்ன பாடுபடும்? முன்னது ஆறுதல், பின்னது கலக்கம். லகர, ளகர, ழகர வேறுபாடு தேர்வுக்கு மட்டும் உரியதன்று, வாழ்க்கைக்கும் உரியது. மேலும், தமிழ் மட்டுமே படித்த பாட்டிக்கு அச்செய்தியை வேறொருவர்தாம் படித்துச் சொல்ல வேண்டும். பேரன் பாட்டிக்கென எழுதியது, அண்டை வீட்டார் வாய்வழியாகவே அவரை அடைகிறது.

தமிழில் தட்டச்சு செய்வது கடினம் என்பது அடுத்த காரணம். 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடைபெற்றன. சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ‘தமிழ்99’ என்னும் விசைப்பலகையை ஏற்றுக்கொண்டது. 247 எழுத்துகளுக்கு 247 விசைகள் அதில் இல்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகியவற்றுக்குரிய 31 விசைகளைக் கொண்டே தமிழ் எழுத்துகள் அனைத்தையும் எழுதிவிடலாம். ‘தம்பி’ என எழுத த, ம, ப, இ என்னும் நான்கு விசைகள் போதும். மகரத்தின் புள்ளி தானே அமைந்துவிடும். அச்சொல்லை ஆங்கில எழுத்தில் எழுத ஆறு விசைகள் வேண்டும். ஆகவே, கடினம் என்று தோன்றுவது பழக்கமின்மையே ஆகும்.

“வாயால் சொன்னால் கைப்பேசியே எழுதித் தருமே” என்பதும் இன்றைய வாதம். கண்பார்வை குன்றியோர்க்கும் முதியோர்க்கும் அவ்வசதி பெருந்துணை. ஆனால், கருவி ‘பள்ளி’ என்பதைப் ‘பல்லி’ என எழுதினால் பிழையைக் கண்டு திருத்துபவர் யார்? எழுத்தை அறிந்தவரே திருத்த இயலும். எழுத்தறியாதவர் கருவி தந்ததை அப்படியே ஏற்க வேண்டியவர் ஆகிறார்.

தாய்நிலத்தை விட்டு அகன்று வாழ்வது இதற்குத் தடையன்று. திருவனந்தபுரத்தில் பேராசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளை, 1891-இல் ‘மனோன்மணீயம்’ என்னும் நாடக நூலை வெளியிட்டார். அந்நூலின் வாழ்த்துப் பகுதியிலிருந்தே தமிழ்நாட்டின் தமிழ்த்தாய் வாழ்த்து எடுக்கப்பட்டது.

புதிய கருவிகளை வெறுக்க வேண்டியதில்லை; அவற்றைத் தம் மொழிக்கு ஏற்பப் பயன்படுத்துவதே அறிவுடைமை. நாள்தோறும் ஒரு வரி தமிழ் எழுத்தில் எழுதப் பழகினால் போதும். விரைவு தானே வரும். தொடக்கத்தில் பிழைகள் நேரலாம். அவற்றைக் கண்டு பாட்டி சிரிக்கவும் கூடும். எனினும், அவ்வரியைப் பிறர் துணையின்றித் தாமே படித்தபின் அல்லவா அவர் சிரிக்கிறார்!