தேகப் பயிற்சிக்கு ஆசான் யார்?

தேகபலத்தை விரும்பாத மாணாக்கர் இக்காலத்தில் மிகச் சிலரே. திருச்சிராப்பள்ளித் தில்லைநகர்ச் சாலைகளில் மாலை வேளையில் நடந்து செல்வோர், மாடிகளிற் கண்ணாடிச் சாளரங்களுக்குப் பின்னே இளைஞர் பளுத் தூக்குவதைக் காணலாம். அவற்றிற் சேரப் பொருளில்லாதார் கைபேசியிலே ஒரு செயலியை இறக்கிக்கொண்டு விடுதியறையிற் பயில்கின்றனர். விருப்பம் நன்றே. ஆயினும், பணத்தையும் முதுகெலும்பையும் எவரை நம்பி ஒப்புவிப்பது என்னும் வினாவை நம்மவர் போதிய அளவு ஆராய்வதில்லை என்பது எமது அபிப்பிராயம்.

பலம் வளரும் வகை பெரிய இரகசியமன்று. தான் பழகிய பாரத்தினும் சற்றே மிகுந்த பாரத்தைத் தசை தாங்க நேரின், ஓய்வும் உணவும் பெற்றபின் அது வலுவடைகின்றது. இரண்டாம் உலக யுத்தத்திற் காயமுற்ற அமெரிக்கப் போர்வீரர்க்குச் சிகிச்சை செய்த டாக்டர் தாமஸ் டிலோர்ம், பாரத்தைப் படிப்படியாக ஏற்றும் முறையை 1945-ஆம் ஆண்டு மருத்துவ உலகின்முன் வைத்தார். நம் நாட்டுப் பயில்வான்களோ அதற்கு நெடுநாள் முன்னரே சிறிய கர்லாக்கட்டையினின்று பெரியதற்குச் சென்றவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறைகள், வயதுவந்தோர் வாரத்தில் இரண்டு நாளேனும் பெருந்தசைகள் அனைத்திற்கும் பயிற்சி தருக என்கின்றன. இரண்டே நாள்! நாள்தோறும் இரண்டு மணிநேரம் வருந்தித் திங்கள் முடியுமுன் கைவிடும் நண்பர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.

செயலியை நூதனப் பொருளாகக் கருதுவோர் உளர். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பெங்களூர் கே. வி. ஐயர் தமது தேகாப்பியாச சாலையில் நேரிற் கற்பித்ததோடு, தபால் வாயிலாகவும் பாடங்களை அனுப்பினார். அமெரிக்காவிற் சார்லஸ் அட்லஸ் செய்ததும் அதுவே. இன்றைய செயலி அத்தபாற் பாடத்தின் பேரன். குணமும் குறையும் குடிவழி வந்தனவே. சென்ற வாரம் எவ்வளவு பாரம், எத்தனை முறை என்பவற்றை மறவாது குறித்துவைக்கும். இஃது அற்ப உதவியன்று. ஆனால் பயில்வோன் முகம் வெளிறுவதும் முதுகு வளைவதும் கண்டு, "போதும் தம்பி, கீழே வை" என்று கையைப் பிடிக்க அதனால் இயலாது. காமிராவாற் பார்த்துத் திருத்த முயலும் செயலிகளும் வந்துள்ளன, அவையும் கைபிடியா.

இவ்வேற்றுமையை உணர விரும்புவோர் காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் செல்க. நம்பெருமாள் புறப்பாட்டில் ஸ்ரீபாதம் தாங்குவோர் பெரும்பாரத்தைத் தோளிலேந்திச் சிம்மகதி, சர்ப்பகதி எனப் பலர் ஒருவரேபோல் அடிவைக்கின்றனர். தோளோடு தோள் நின்று பழகினாலன்றி அந்நடை எந்த ஏட்டிலும் திரையிலும் கற்கத் தக்கதோ?

ஆதலின் கூடத்தைத் தேர்வோர், இயந்திரங்களின் பளபளப்பை விடுத்து ஆசானை நோக்குக. அவர் பழைய காயங்களையும் நோய்களையும் வினவுகின்றாரா? பாரமேற்றுமுன் வெறுங்கம்பியில் உட்கார்ந்தெழக் கற்பிக்கின்றாரா? ஒரே வேளையில் எத்தனை பேரைப் பார்க்கின்றார்? இந்நகரத்துக் கூடமொன்றில் யாம் புகுந்த முதல் நாளே, எமது உடல்நிலையைக் கேட்குமுன் ஓராண்டுச் சந்தா விவரமும் புரதப்பொடி டப்பாவும் எம்முன் வைக்கப்பட்டன. யாம் வணக்கம் கூறி வெளிவந்தோம். முட்டையும் பயறும் சுண்டலும் கிடைக்கும் ஊரில் அந்த டப்பா இன்றியமையாததன்று. ஊசியினால் விரைவில் தசை வளர்ப்பதாகக் கூறுவாரிடத்திலோ ஒரு கணமும் நிற்றல் தகாது. ஸ்டீராய்டு இருதயத்தையும் ஈரலையும் கெடுக்கும்.

மாணவியர் நிலை வேறு. பளுத் தூக்குதல் பெண்களுக்கு ஆகாது என்னும் பேச்சைக் கர்ணம் மல்லேஸ்வரி 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்று பொய்யாக்கினார். பளுப்பயிற்சி எலும்பை உறுதியாக்குவதால், முதுமையில் எலும்புத் தேய்வுக்கு அதிகம் உட்படும் பெண்களுக்கு அது மிகவும் வேண்டுவது. ஆயின், ஸ்ரீரங்கத்து உத்தர வீதியினின்று பஸ்ஸேறி வருபவள் இரவு எட்டு மணிக்குத் தில்லைநகர்க் கூடத்திற்குச் செல்வது எங்ஙனம்? வீட்டார் விடை கொடார். அவளுக்குச் செயலியே கதி. அதனை எள்ளுதல் நமக்கு அழகன்று. தண்டாலைச் சுவரிற் கைவைத்துத் தொடங்கி, ஒருமுறையேனும் தேர்ந்தவர் ஒருவர்முன் செய்துகாட்டித் திருத்திக்கொண்டு, பின் செயலியைக் கணக்கப்பிள்ளையாக வைத்துக்கொள்வாளாயின் பெரும்பயன் எய்துவாள்.

அந்த ஒருமுறைக்கு வழி செய்யவேண்டியது யார்? நாமே என்போம். ஹாரி குரோ பக் 1920-இற் சென்னையில் நிறுவிய ஒய். எம். சி. ஏ. உடற்கல்விக் கல்லூரி தொடங்கி, ஆசிரியரைப் பயிற்றும் நிலையங்கள் இம்மாநிலத்திற் பல உள. நம் கல்லூரிக்கு அடுத்த ஆண்டு உடற்பயிற்சிக்கெனப் பொருள் ஒதுக்குங்கால், மற்றுமோர் ஓட்ட இயந்திரத்தை வாங்காது, தேர்ந்த ஆசிரியை ஒருவரை நியமித்து, வகுப்பு முடிந்ததும் ஒரு மணிநேரம் மாணவியர்க்கெனக் கூடத்தைத் திறந்துவைக்குமாறு நிர்வாகத்தாரை வேண்டுகின்றோம். அந்நேரத்திற் பயின்றால் பொழுது சாயுமுன் வீடு சேரலாம்.