குளிர்காலம் இல்லாத ஊரில் கொசு



சிங்கப்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் 9 நிமிடம்தான். சென்னையில் அது ஒன்றரை மணி நேரம். லண்டனில் எட்டரை மணி நேரத்துக்கும் மேல். நமக்கு இது வெறும் தகவல். பூச்சிகளுக்கோ வாழ்வா சாவா என்ற கணக்கு.

குளிர்நாட்டுப் பூச்சிகள் பல, பகல் சுருங்குவதை வைத்தே குளிர் வரப்போவதை அறிந்துகொள்கின்றன. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள கியூலெக்ஸ் பிப்பியன்ஸ் கொசுவைப் பாருங்கள். பகல் குறையும் பருவத்தில் வளரும் பெண் கொசுவுக்கு, மூளையை ஒட்டிய சிறு சுரப்பியிலிருந்து வரும் இளமை ஹார்மோன் குறைந்துவிடும். அது குறைந்தால் சினைப்பை வளராது. அந்தக் கொசு இரத்தம் தேடாமல், பூந்தேனைக் குடித்துக் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு நிலவறைகளில் ஒடுங்கிவிடும்.

நம் ஊரில் டெங்கி பரப்பும் இரண்டு ஏடிஸ் வகைகளில் ஒன்று அல்போபிக்டஸ். ஜப்பானில் அந்தத் தாய்க்கொசு குறுகிய பகலை உணர்ந்தால், குளிர்காலம் முழுவதும் உறங்கும் முட்டைகளை இடும். 1985இல் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் இந்தக் கொசு பெருகியிருந்தது தெரியவந்தது. வட ஆசியாவிலிருந்து பழைய டயர்களோடு வந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணிக்க, இந்த உறக்க முட்டைகளும் ஒரு சான்றாயின. வெப்பமண்டலத்தில் வாழும் அதே இனத்துக்கு அந்த வழக்கம் இல்லை. இங்கே பன்னிரண்டு மாதமும் அதற்கு இனப்பெருக்கக் காலம்தான்.

2020இல் சிங்கப்பூரில் 35,000க்கும் அதிகமானோர் டெங்கியால் பாதிக்கப்பட்டார்கள். தேசியச் சுற்றுப்புற வாரியம் 2016 முதல் வோல்பாக்கியா பாக்டீரியா உள்ள ஆண் கொசுக்களைப் பறக்கவிடுகிறது. அவற்றோடு சேரும் பெண் இடும் முட்டை பொரியாது. ஆனால் இந்த உத்தி இன்னொரு வகையான ஏடிஸ் எஜிப்டிக்கு மட்டுமே. அல்போபிக்டஸை நாம்தான் கவனிக்க வேண்டும்.

தேக்கா சந்தையில் வாங்கிவந்த பூவைப் போட்டு வைக்கும் பூஜை அறைப் பாத்திரம், பூச்சட்டித் தட்டு, அடுக்குமாடி வீட்டில் துணி காயப்போடும் கம்பைச் செருகும் குழாய் என எதுவுமே அது முட்டையிடப் போதும். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்தாலும் பல மாதம் உயிரோடிருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். பயன்படுத்தாத கம்புக் குழாயை மூடிவையுங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும் என்பதால் வாரம் தவறாமல் செய்யுங்கள்.

மற்ற நாடுகளில் குளிர்காலம் செய்யும் வேலையை இங்கே நம் கைகள்தான் செய்தாக வேண்டும். இந்த வாரமே தொடங்குங்கள்; பக்கத்து வீட்டாரிடமும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்