எல்லையோரப் பீதி: சட்டம் வந்தும் தீராத கேள்வி

புது தில்லி: ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் கும்பலாகச் சேர்ந்து, இனம், ஜாதி, பிறப்பிடம், மொழி போன்ற காரணங்களால் ஒருவரைக் கொலை செய்தால், மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதிக்க பாரதிய நியாய சன்ஹிதாவின் 103 (2) பிரிவு வழிசெய்கிறது. 1.7.2024 முதல் இச்சட்டம் நடைமுறையில் உள்ளது. ஆயினும், 2025 டிசம்பரில் பாலக்காடு மாவட்டம் வாளையாறு அருகே, பிழைப்புத் தேடி வந்த சத்தீஸ்கர் தொழிலாளி ஒருவர் திருடர் என்ற சந்தேகத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். 'வங்கதேசத்தவரா?' என்று கேட்டு அவரைத் தாக்கிய காட்சியும் வெளியானது.

உண்மையான ஒரு கவலை பன்மடங்கு ஊதிப் பெரிதாக்கப்பட்டு, பழி ஒரு பிரிவினர் மீது விழுவதை பிரிட்டன் சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன் 1972-இல் எழுதிய நூலில் விளக்கினார். தமிழக - கேரள எல்லைக்கு இது புதிதல்ல.

இடுக்கியில் 2011: முல்லைப் பெரியாறு அணை 1895-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் பாதுகாப்பு குறித்த கவலை நியாயமானதே. ஆனால், 2011-இல் இடுக்கியில் உணரப்பட்ட நில அதிர்வுகளும், நவம்பரில் வெளியான 'டேம் 999' திரைப்படமும் அதைப் பீதியாக மாற்றின. விளைவு, ஏலத் தோட்டங்களில் கூலி வேலை செய்த தமிழர்கள் அஞ்சி தேனி மாவட்டத்துக்குத் திரும்பினர். இப்பக்கம் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. அணையோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதவர்களே இரு புறமும் பாதிக்கப்பட்டனர். அணை பாதுகாப்பாக உள்ளது என நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான குழு 2012-இல் தெரிவித்தது. 142 அடி வரை நீரைத் தேக்க உச்ச நீதிமன்றம் 7.5.2014-இல் அனுமதித்தது. அதற்குள் எளியோரின் இழப்பு நடந்து முடிந்திருந்தது.

பாலக்காட்டில் 2018: குழந்தை கடத்துவோர் வீடுகளை அடையாளம் வைப்பதற்காக ஜன்னல்களில் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டுகின்றனர் என்ற வதந்தி 2018 தொடக்கத்தில் கேரளத்தில் பரவியது. கண்ணாடிகள் ஒன்றோடொன்று உரசாமலிருக்க ஒட்டப்படுபவை அவை எனக் காவல் துறை விளக்கியது. எனினும், அன்னியரைச் சந்தேகிக்கும் மனநிலை எளிதில் அடங்கவில்லை. அவ்வாண்டு பிப்ரவரி 22-இல் அட்டப்பாடியில், அரிசி திருடியதாகக் கூறி ஆதிவாசி இளைஞர் ஒருவரைக் காட்டிலிருந்து பிடித்து வந்து கும்பல் தாக்கியது, அவர் உயிரிழந்தார். இங்கே 'அன்னியர்' ஆக்கப்பட்டவர் அம்மண்ணின் மைந்தர். விசாரணையில் சாட்சிகள் பலர் பிறழ்சாட்சியாகினர். 2023 ஏப்ரலில்தான் தீர்ப்பு வந்தது. 16 பேரில் 14 பேர் குற்றவாளிகள் எனத் தீர்மானிக்கப்பட்டு, 13 பேருக்கு 7 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது.

சட்டத்தின் இடைவெளி: கும்பல் கொலைக்குத் தனிச் சட்டம் இயற்றுவது குறித்துப் பரிசீலிக்குமாறு 17.7.2018-இல் நாடாளுமன்றத்துக்கு உச்ச நீதிமன்றம் பரிந்துரைத்தது. ஆறு ஆண்டுகளுக்குப் பின் வந்த பிரிவோ, கொலையுண்டவரின் அடையாளத்தையே காரணமாகக் கொள்கிறது. 'மொழிக்காகவோ, பிறப்பிடத்துக்காகவோ அல்ல. திருடர் என்று நினைத்தே அடித்தோம்' என எதிர்த்தரப்பு வாதிட இதில் இடமுண்டு. 'இவை போன்ற பிற காரணங்கள்' என்ற சொற்றொடருக்கு நீதிமன்றங்கள் தரப்போகும் பொருளைப் பொருத்தே இப்பிரிவின் வலிமை அமையும்.

கணக்கெடுப்பிலும் குறை உண்டு. 2017-இல் திரட்டப்பட்ட கும்பல் கொலை விவரங்கள் நம்பகமானவை அல்ல என்பதால் அப்பணி கைவிடப்பட்டதாக 2021-இல் மத்திய உள்துறை நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. எண்ணிக்கையே இல்லாத குற்றத்தை எவ்வாறு தடுப்பது?

மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத பொறுப்பு அதிகாரி வேண்டும் என்பதும் 2018 தீர்ப்பின் கட்டளையே. பாலக்காடு, இடுக்கி, கோவை, தேனி மாவட்ட அதிகாரிகள் வதந்தி கிளம்பிய அன்றே தமிழிலும் மலையாளத்திலும் கூட்டாக மறுப்பு வெளியிட்டால் பல உயிர்கள் தப்பும். தண்டனை, உயிர் போன பின்னரே வருகிறது; மறுப்பு அதற்கு முன்பே வர முடியும்.